எய்விந்துரின் ஜீப் உயர்ந்த விதம்

எய்விந்துரின் ஜீப் தேவாலயக் கோபுரத்தைவிட உயரமானது, ஆட்டிறைச்சி விலை இறங்கி டீசல் விலை ஏறிய வருடத்தில். சக்கரங்கள் நான்கும் அவன் வீட்டு முற்றத்துச் சரளைக் கல்லின் மேல்தான் இருந்தன. உயர்ந்தது வண்டியின் மற்ற பாகம். சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த ஸ்பிரிங்குகள் நான்கும் நாளுக்கு நாள் நீண்டன. அவற்றின் உச்சியில் சாம்பல் நிற ஜீப்பும், ஜீப்புக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எய்விந்துரும் இருந்தார்கள். அவன் இருந்த கால்ட்விக், ஐஸ்லாந்தின் வடகிழக்கு மூலையில், கடலுக்கும் ஆளில்லாத மலைமேட்டுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் சிறிய ஊர். மீன் தொழிற்சாலைக்கு வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள்.

எல்லாம் ஆரம்பித்தது அதற்கு முந்தைய பிப்ரவரியில். ஊரிலிருந்து வெளியே போக இருக்கும் ஒரே சாலை மேட்டைத் தாண்டித்தான் போகிறது. பள்ளிக்கூட ஆசிரியை ஆல்ஃப்ரூனின் கார் பனிப்புயலில் அங்கே மாட்டிக்கொண்டது. மீட்புக் குழுவில் சம்பளம் இல்லாமல் உழைத்தவர்களில் எய்விந்துரும் ஒருவன். அவன் ஜீப்தான் முதலில் கிளம்பியது. பாதி வழியில் ஜீப்பின் வயிறு பனியில் உட்கார்ந்துவிட்டது. சக்கரங்கள் எதையும் தொடாமல் சுற்றின. தோண்டி எடுத்து, நகர்ந்து, மறுபடி உட்கார்ந்து, மறுபடி தோண்டி அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஆல்ஃப்ரூன் கையுறை போட்டபடி, பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல் இருக்கையில் நேராக அமர்ந்திருந்தாள். உயிர் போயிருந்தது. அடக்கத்தன்று அவளுடைய அப்பா எய்விந்துரின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்ததற்கு நன்றி என்றார். அன்று மாலையே அவன் ஜீப்பை ஜாக்கியில் ஏற்றினான்.

ஜீப்பை உயர்த்துவது பெரிய வேலையல்ல. உயர்த்திய பிறகு அதைச் சொன்ன பேச்சுக் கேட்க வைப்பதுதான் வேலை. நீளமான ஸ்பிரிங் போட்டால் ஸ்டியரிங் கம்பி சரிந்து நிற்கும். சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அச்சு ஒரு பக்கம் ஒதுங்கும். பிரேக் குழாய் எட்டாது. எய்விந்துர் பகலில் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பான், மாலையில் வீட்டுக் கொட்டகையில் கம்பிகளை வெட்டி, ஒட்டி, நீட்டுவான். அச்சைப் பிடிக்கும் இரும்புக் கையின் துளையில் புது புஷ் வளையத்தை இறுக்கமாக இறக்குவதற்காக, புஷ்ஷை ஃப்ரீசரில் ஆட்டுத் தொடைக்குப் பக்கத்தில் குளிரவைத்தான், இரும்புக் கையை மனைவி ஸ்டெய்ன்வோரின் அடுப்பில் சூடாக்கினான். அந்தக் கோடை முழுவதும் அவள் சுட்ட கேக்கில் கிரீஸ் வாசனை வந்தது. அவன் தூங்காமல் கிடப்பதைவிட வெல்டிங் செய்வது மேல் என்று நினைத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் ஒரு விரல் தூக்கினாப் போதும்” என்பான். அவளும் மாவுக் கையோடு வந்து விளக்கைப் பிடிப்பாள்.

செப்டம்பரில், மலையிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டு வந்த வாரம், கொட்டகைக்குள் நிமிர முடியாத ஜீப்பை முற்றத்துக்குத் தள்ளினார்கள். ஸ்டியரிங்கை நேர்ப்படுத்துவது ஒன்றுதான் பாக்கி. அவன் மேலே உட்கார்ந்து திருப்பினான். அவள் முன் சக்கரங்களுக்கு இடையே நாடாவைப் பிடித்து அளவு சொன்னாள்.

“ஸ்டெய்னா, ஜாக்கியை எடுத்துட்டேல்ல?”

“எப்பவோ எடுத்தாச்சு.”

“அப்ப ஏன் மேல போகுது?”

“கட்டினது நீ. என்னைக் கேட்டா?”

இருவரும் சிரித்தார்கள். ஸ்பிரிங் புதுசு, நிலைக்கு வரும் என்றான் அவன். சாப்பாட்டு வேளையில் வெண்ணெய் தடவிய காய்ந்த மீனை அவள் கையை உயர்த்தி ஜன்னலில் கொடுத்தாள். மறுநாள் காலைக் காப்பிக்கு ஏணி வேண்டியிருந்தது. இறங்கு என்றாள். வண்டி அசையும்போது விட்டுவிட்டு இறங்கக்கூடாது, நிற்கட்டும், இறங்குகிறேன் என்றான். வண்டி நிற்கவில்லை. மீட்புக் குழுத் தலைவன் தோர்கில்ஸ் அச்சையும் சட்டத்தையும் சேர்த்துக் கப்பல் சங்கிலியால் கட்டினான்; சங்கிலியின் வளையங்களும் நீண்டன. அக்யுரேரித் துறைமுகத்திலிருந்து கிரேன் வந்தது. கிரேன் கை எவ்வளவு உயர்ந்ததோ, அதைவிட ஒரு முழம் அதிகமாக ஜீப் உயர்ந்தது. கிரேன்காரர் மதியம்வரை முயன்று பார்த்துவிட்டு, ஸ்டெய்ன்வோர் வைத்த ஆட்டுக்கறி சூப்பை இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு, மேட்டில் இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பினார்.

பிறகு கயிறும் வாளியும் வந்தன. உணவு, உடை, டீசல் எல்லாம் வாளியில் மேலே போயின. கீழே வர வேண்டியவையும் அதே வாளியில் வந்தன, அதைப் பற்றி ஊரில் யாரும் பேசவில்லை. காற்று அடித்தால் ஸ்பிரிங்குகள் முனகின. முதல் வாரம் அக்கம்பக்கத்தார் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டார்கள், அடுத்த வாரம் அது பழகிவிட்டது. எய்விந்துர் இறங்கவே விரும்பவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஒருநாள் அவன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டியதை ஸ்டெய்ன்வோர் பார்த்தாள். அந்தக் கால் காற்றில் கொஞ்ச நேரம் தொங்கியது. பிறகு உள்ளே போய்விட்டது.

அக்டோபரில் அவன் மேட்டைப் பார்த்தான். அவ்வளவு உயரத்திலிருந்து பாலம், பழைய தங்குகுடிசை, அந்தப் பக்கத்து இறக்கம் எல்லாம் தெரிந்தன. பனிமூட்டம் ஜீப்புக்குக் கீழேதான் கிடந்தது. அதற்குள் இருந்த வண்டி வெளிச்சம் அவன் கண்ணுக்கு மட்டும் பட்டது. முதலில் தப்பிப்போன ஆடுகள் இருக்கும் இடத்தைக் காட்டினான். தோர்கில்ஸ் வாளியில் ஒரு வயர்லெஸ் கருவி வைத்து அனுப்பினான். அந்தக் குளிர்காலத்தில் மேட்டில் வழி தவறிய மீன் லாரி, இரண்டு ஜெர்மன்காரர்கள், தபால்காரர் எல்லோரும் அவன் குரலைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார்கள். அடுத்த குளிர்காலத்திலும் மேடு யாரையும் எடுத்துக்கொள்ளவில்லை. நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கிக்கொண்டு தோர்கில்ஸ் சொன்னான்: “கோபுரம் கட்டித் தாங்கன்னு அரசாங்கத்தைப் பத்து வருஷமாக் கேட்டோம். எய்வி சும்மாவே கட்டிக் கொடுத்துட்டான்.” எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெய்ன்வோர் அதே தொட்டியில்தான் இருந்தாள். அவள் எழுந்து துண்டை எடுத்துக்கொண்டாள்.

ஊர் அவளைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. வாசலில் கேக் இருக்கும், புகையிட்ட ஆட்டுக்கால் இருக்கும், ஜனவரி விருந்தில் அவளுக்கு மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி. கணவனோடு பேசுவதுதான் முடியாமல் போனது. வயர்லெஸ்ஸில் ஒரே அலைவரிசை. ஊரில் எல்லா வீட்டிலும், எல்லாப் படகிலும் அது திறந்தே இருந்தது. அதனால் அவள் சாக்ஸ் போதுமா என்று கேட்பாள். அவன் போதும் என்பான். மீனில் உப்பு அதிகமா என்பாள். இல்லை என்பான். ஒரு சாயங்காலம் அவளால் தாங்க முடியவில்லை.

“எய்வி, இறங்கி வா. ஆல்ஃப்ரூன் திரும்பி வரப்போறதில்லை.”

படகொன்றில் யாரோ இருமினார்கள்.

“தெரியும் ஸ்டெய்னா” என்றான் அவன். “எனக்கு இதை நிறுத்தத் தெரியலை.”

மூன்றாவது டிசம்பரில், சூரியன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் அந்த நடுப்பகல் வெளிச்சத்தில், அவள் கொட்டகையிலிருந்து கேஸ் கட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் ஒரு சுற்று இறங்கும், எல்லாச் சுற்றையும் வெட்டினால் அவன் வாசலுக்கு வந்துவிடுவான் என்பது அவள் கணக்கு. ஒரேயடியாக விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்றும் யோசித்திருந்தாள். ஆனாலும் இடப்பக்க முன் ஸ்பிரிங்கில் நெருப்பை வைத்தாள். மேட்டுப் பக்கம் வெள்ளையாக மறைந்துகொண்டிருந்தது. இரும்பு சிவந்தது. இடுப்பில் செருகியிருந்த வயர்லெஸ்ஸில் அவன் குரல் வந்தது. அவளிடம் பேசவில்லை.

“பெர்க்லியோத், உன் வண்டி வெளிச்சம் தெரியுது. சாலையை விட்டு இறங்கிட்ட. ஆத்துப் பக்கம் போற. நில்லு.”

பெர்க்லியோத் மாட்டு வைத்தியர். ஒரு மாட்டின் வயிற்றில் கன்று குறுக்கே கிடக்கிறதென்று காலையில் மேட்டைத் தாண்டிப் போனவள். அவள் குரல் வந்தது. “வைப்பர்கூடத் தெரியலை எய்வி. எந்தப் பக்கம் திருப்ப?”

“வலது. மெதுவா. அப்படியே வா.” பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு அவன் சொன்னான்: “ஸ்டெய்னா, இரும்பு காயுற வாசனை இங்க வருது. நீ செய்யுறதைச் செய், நான் தடுக்க மாட்டேன். இவ வந்து சேர்ற வரைக்கும் மட்டும் பொறு.”

ஊர் முழுக்க இதைக் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. திரைச்சீலைகளுக்குப் பின்னால் ஆட்கள் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. நெருப்பைப் பிடித்தபடி அவள் நின்றாள், எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. பிறகு வால்வை மூடினாள். சிவந்த இடம் கறுத்து, குளிர்ந்து, அதன்மேல் பனி உட்கார்ந்தது. பெர்க்லியோத் வந்து சேர்ந்தாள். அதற்குள் மேட்டின் மறுபக்கத்தில் இன்னொரு வெளிச்சம் தெரிந்தது. மறுநாள் வேறொன்று. மேட்டில் யாரும் இல்லாத ஒரு பகலுக்காக ஸ்டெய்ன்வோர் அந்தக் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள். வசந்தத்தில் தோர்கில்ஸ் படகு வேலைக்கென்று கட்டரைக் கேட்டான். கொடுத்துவிட்டாள்.

பெர்க்லியோத் ஒருநாள் கேக்கோடு வந்தாள். சமையலறையில் இருவரும் காப்பி குடித்தார்கள்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றாள் ஸ்டெய்ன்வோர். “அன்னிக்கு ஒரு நிமிஷம், நீ ஆத்துல போனாப் போன்னு நெனச்சேன்.”

பெர்க்லியோத் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஒரு நிமிஷம்தானா?”

“கொஞ்சம் கூடவே இருக்கும்.”

“என் புருஷன் மேல இருந்திருந்தா நான் வெட்டியே இருப்பேன்” என்றாள் பெர்க்லியோத். பிறகு கேக்கில் இன்னொரு துண்டு வெட்டி ஸ்டெய்ன்வோரின் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் சினேகிதிகள் ஆனார்கள். ஆனாலும் மேட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் இருவரும் எழுந்து ஏதாவது பாத்திரம் கழுவுவார்கள்.

வருடங்கள் போயின. கயிறு தன் எடையையே தாங்காமல் அறுந்தது. அதைவிட நீளமான கயிறு துறைமுகத்தில் இல்லை. உணவும் போகவில்லை, டீசலும் போகவில்லை, அதனால் பாட்டரி ஏறவில்லை. வயர்லெஸ்ஸில் அவன் கடைசியாகச் சொன்னது, வாத்துக்கள் திரும்பி வருகின்றன, இந்த வருடம் சீக்கிரம், என்பது. அவள் சரி என்றாள். பிறகு இரைச்சல்தான். தெளிவான நாட்களில் ஜீப் ஒரு புள்ளியாகத் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. ஸ்பிரிங்குகள் மேகத்துக்குள் போய் முடிந்தன. பாதிரியார் பிரார்த்தனையில் அவன் பெயரை எந்தப் பக்கம் சேர்ப்பது, உயிரோடிருப்பவர்களிலா இறந்தவர்களிலா என்று கேட்க வந்தார். ஸ்டெய்ன்வோர் அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் அந்தப் பெயரைத் தனியாக, இரண்டு வரிசைக்கும் நடுவில், படிக்க ஆரம்பித்தார்.

அந்த நவம்பரில் ஒரு காலை, அவள் பால் வாங்கப் போகும்போது, முற்றத்தில் சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்டது. ஜீப்பின் முன் சக்கரங்கள் மெல்ல இடப்புறம் திரும்பின. பிறகு வலப்புறம். பிறகு நேராக நின்றன. வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் ஒரு கம்பி சக்கரத்தைத் திருப்ப முடியாது என்று தோர்கில்ஸ் வெந்நீர்த் தொட்டியில் எல்லோருக்கும் விளக்கினான். அவன் சொன்னது சரிதான். சக்கரங்கள் மறுநாளும் திரும்பின. ஸ்டெய்ன்வோர் பால் பையைக் கீழே வைத்துவிட்டு இடப்பக்க டயரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ரப்பர் குளிர்ந்திருந்தது. அவள் கைக்குக் கீழே அது கொஞ்சம் நகர்ந்தது. அலைவரிசையில் யாரும் கேட்காத இடம் அது ஒன்றுதான். சாக்ஸ் போதுமா என்று கேட்டாள்.

அடுத்த புயலில் இரண்டு பேர் மேட்டிலிருந்து திரும்பவில்லை. முன் சக்கரங்கள் கிழக்கே முழுவதுமாகத் திரும்பி, அப்படியே நின்றன. தோர்கில்ஸ் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் விவாதிக்காமல் ஆட்களைக் கிழக்கே அனுப்பினான், இருவரும் உயிரோடு கிடைத்தார்கள். அன்றிலிருந்து மீட்புக் குழு கிளம்புமுன் ஸ்டெய்ன்வோரின் முற்றத்துக்கு வந்து சக்கரத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறது. பெர்க்லியோத் தன் டிராக்டரைக் கொண்டுவந்து முற்றத்துப் பனியைத் தள்ளித் தருவதாகச் சொன்னாள்.

“வேண்டாம்” என்றாள் ஸ்டெய்ன்வோர். “இது எங்க வீட்டு வேலை.”

பனி விழும் காலைகளில் அவள் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு மண்வாரியோடு வெளியே போகிறாள். டயர்களின் முன்னும் பின்னும் கரையவிட்டால் பனி மறுபடி உறைந்து கல்லாகிவிடும். அதனால் அடிவரை சுரண்டி ஒதுக்குகிறாள், வீட்டுப் பக்கம் கொஞ்சம், மேட்டுப் பக்கம் நிறைய, சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்காமல் இருக்கும்படி.