அத்தையின் கடிகாரம் பின்னால் போன வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு ஜோடி ஈரக் கையுறையிலிருந்து வந்தது. கையுறை அங்கே படித்த மாணவன் ஒட்வாருடையது. எண்பதுகளின் கடைசிக் குளிர்காலத்தில், நார்வேயில் ட்ரொண்ட்ஹெய்ம் பல்கலைக்கழகத்தின் பழைய மினிகணினி மேல் அது காய்ந்துகொண்டிருந்தது. அலமாரி உயர இயந்திரம், நல்ல சூடு. எல்லோரும் அதை அத்தை என்றார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி, வானம் தன்னையே மறந்துவிட்டதுபோல—"

(வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களை அதிகம் படித்தால் என் பேனாவில் இப்படித்தான் பனி கொட்டும்.)

2

அத்தையைப் பார்த்துக்கொண்டவள் ரன்வெய்க். அத்தையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அவளைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவதாக இருந்தார் துறைத்தலைவர் டோர்ஃபின். கணக்குப் பிரிவில் யாரும் சிரிப்பதில்லை.

"டோர்ஃபின், ஒரு சி மொழிக் கம்பைலரை இலவசமா குடுக்குறாங்க. அதை அத்தைக்கு ஏத்தமாதிரி மாத்திட்டா புது நிரல் எல்லாம் இதுலயே ஓடும்."

"வெள்ளிக்கிழமை சாயங்காலக் காப்பி மணி அடிக்கிறவரைக்கும் பாரு. அடிச்சா அத்தையை லாரியில ஏத்திடுவாங்க."

(கம்பைலர் என்பது நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது. அதைச் சோதிக்க, அதன் நிரலை அதனிடமே கொடுப்பார்கள், பிறப்பது பிள்ளை. பிள்ளையிடமும் அதையே கொடுத்தால் பேரன். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் தேர்ச்சி. என் கதையை நான் இப்படிச் சோதிப்பதில்லை. பயம்.)

3

வெள்ளிக்கிழமை. பிள்ளையும் பேரனும் ஒன்றாக இல்லை.

"ஒரே இடத்துலதான் இடிக்குது" என்றாள் ரன்வெய்க். "பிறந்த நேரம்! ரெண்டும் தலையில அதை எழுதிவச்சுக்குது."

"அப்பனும் மகனும் ஒரே நொடியில எப்படிப் பொறப்பாங்க?" என்றான் ஒட்வார்.

"அத்தையோட கடிகாரம் என் கையிலதானே இருக்கு? நீ கையுறையை எடு, சூடு வெளிய போகட்டும்."

பேரனை மறுபடி உருவாக்கும் முன், கடிகாரத்தைப் பிள்ளை பிறந்த காலை நேரத்துக்கே திருப்பினாள். கட்டடத்தின் காப்பி மணியை அடிப்பதும் அத்தைதான் என்பதை மறந்துவிட்டாள்.

மணி அடிக்கவில்லை. அடிக்காமல் இங்கே யாரும் காப்பி ஊற்றமாட்டார்கள். பேராசிரியர்கள் காலிக் கோப்பையோடு நடையில் நின்றார்கள். லாரி ஓட்டுநரும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்.

டோர்ஃபின் ஓடிவந்தார். "மணி எங்கே?"

"இன்னும் ஆகலையே. காலை பத்துதான்."

"வெளிய இருட்டிடுச்சு!"

"ஜனவரியில எப்பதான் இருட்டில்ல?"

4

(மாற்று முடிவு: டோர்ஃபின் அத்தையைக் கட்டிக்கொண்டு அழு— இல்லை. அவர் அழமாட்டார். காப்பி வேறு குடிக்கவில்லை.)

இப்போது பிள்ளையையும் பேரனையும் ஒப்பிடும் நிரல் ஓடுகிறது. வித்தியாசம் கண்டால்தான் அது பேசும். இல்லையென்றால் ஒரு சொல்லும் வராது.

திரை வெறுமையாக இருக்கிறது.

"ஒண்ணுமே வரலையே, தோத்துட்டியா?" என்கிறார் டோர்ஃபின்.

"ஷ்ஷ். ஒண்ணும் வரக்கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

தேவைப்பட்டால் மறுபடி பின்னால் திருப்ப, அவள் விரல் கடிகாரத்தின் பொத்தான்மேல் இருக்கிறது. ஒட்வார் தன் ஈரக் கையுறையைக் கடித்துக்கொண்டிருக்கிறான். இந்த இடத்தை மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். ஒப்பிடும் வேலை இனி உங்களுடையது. முதல் வரிக்குப் போய் இன்னொருமுறை படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சத்தமாகச் சொல்லுங்கள். லாரி கீழேதான் நிற்கிறது.

மாறவில்லையென்றால் எதுவும் சொல்லவேண்டாம். ரன்வெய்க் புரிந்துகொள்வாள்.