நிச்சயத்தன்று நீட்டிய கை

என் கரு இரண்டாம் முறையும் கலைந்தபோது, பங்காரம்மா அத்தை என் அம்மாவின் மேல் பழியைப் போட்டாள். "எங்கூட்டு ரத்தம் சுத்தமுங்க. இவ வெளியூட்டுக்காரி வயித்துல பொறந்தவ, அதான் இப்படி" என்று சொந்தங்கள் முன்னால் சொன்னாள். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அத்தை என் அப்பா லட்சுமணசாமியின் அக்கா. சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று அவள் மகன் சாய்சரணுக்கே என்னைக் கட்டிவைத்து, பிறகு விவாகரத்தும் வாங்கினார்கள்.

அந்தக் கருவின் மரபணுச் சோதனை ரிப்போர்ட் தாமதமாகத்தான் வந்தது. அத்தை வீட்டில் யாரும் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை, நேரம் வரட்டும் என்றிருந்தேன்.

செல் பிரியும்போது எல்லாக் குரோமோசோமும் சரியாகப் பிடிபடும்வரை பிரிவை நிறுத்திவைக்கும் புரதம் ஒன்று உண்டு. எல்லோரும் ஏறாமல் விசில் கொடுக்காத கண்டக்டர் மாதிரி. அதற்கான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று வரும். ஒன்று கெட்டால் மற்றது சமாளிக்கும். இரண்டும் கெட்டால் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பிரியும். எங்கள் கருவில் இரண்டும் கெட்டிருந்தன. அதாவது, என்னிடமும் சாய்சரணிடமும் ஒரே பிழை. பிறகு என் அப்பா அம்மா ரத்தத்தையும் சோதித்தோம். அப்பாவிடம் அது இருந்தது, அம்மாவிடம் இல்லை.

அதற்குள் சாய்சரணுக்கு, அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவின் மகள் மேக்னாவைப் பேசி முடித்தார்கள். மேக்னாவுக்கும் அந்தப் பிழை இருந்தால், நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலே அத்தை மறுபடி பேரக்குழந்தையை இழந்து அனுபவிப்பாள். ஒரு வாரம் அந்த நினைப்பே எனக்கு இனித்தது. ஆனால் முதலில் அழப்போவது மேக்னா. என் கோபம் அவள் மேல் இல்லை.

போத்தனூர் மண்டபத்தில் நிச்சயத்துக்குத் தட்டு மாற்றும் நேரத்தில் ரிப்போர்ட்டை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சாய்சரண் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொய்யி! என்ற ரத்தத்த எடுத்துப் பாரு" என்று அத்தை கையை நீட்டினாள். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"பாத்துப்போட்டுத் தட்டு மாத்தலாமுங்கக்கா" என்றார் சித்தப்பா.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. அத்தையிடமும் அதே பிழை. கூடவே சோதித்த மேக்னாவிடமும். சம்பந்தம் நின்றது. என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கும்வரை அக்கா என்று கூப்பிடமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஞாயிறன்று அத்தை வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "தப்பு எங்கூட்டு ரத்தத்துலதான் அம்மணி. மன்னிச்சுரு" என்று முனகினாள்.

"போதும், வுடு கண்ணு" என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.

நான் விடவில்லை. "இன்னொருக்கா சொல்லுங்கத்தே. அன்னிக்குச் சொன்ன அதே சத்தத்துல."