இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

உள்ளூரிலேயே துப்பாக்கிக் கடை இருக்கும்போது, ரௌனோ ரஷ்ய எல்லையோரத்து ஊரான குஹ்மோவிலிருந்து கயானி நகரம் வரை நூறு கிலோமீட்டர் கார் ஓட்டிப் போனதற்கு ஒரே காரணம்தான். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

கடைக்காரி பெயர் மர்யுத். நாற்பத்தைந்து வயது இருக்கும். போலீஸ் கொடுத்த அனுமதிச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாதிரி வேணும்?" என்றாள்.

"இடது கைக்கு. என் மகளுக்குத்தான்."

"சீட்டுல உங்க பேருதானே இருக்கு? சரி, மகள் என்ன உயரம்?"

"என் உயரம்தான்."

"தோள் அகலம்?"

"என்னை மாதிரியே."

"தாடியும் இதே அளவுதானா?"

ரௌனோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மர ஆலையில் இயந்திரம் பழுது பார்க்கிற அறுபத்தொரு வயது மனிதருக்குப் பொய் அவ்வளவு சரளமாக வரவில்லை. "வலது கண்ணு போச்சும்மா. நடுவுல அழுக்கு ஒட்டின மாதிரி இருக்கு. நேர்க்கோடு வளைஞ்சு தெரியுது. இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இடது கண்ணுல ஒரு குறையும் இல்ல."

"பழைய துப்பாக்கியையே இடது தோள்ல வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். குண்டு ஏத்துற தாழ்ப்பாள் வலது பக்கம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் கையை மேலால சுத்திக் கொண்டுபோய்ப் பின்னால இழுக்கணும். ரெண்டாவது குண்டு ஏத்துறதுக்குள்ள மூஸ் மான் ரஷ்யாவுக்கே போய்ச் சேந்துடும்."

மர்யுத் மூன்று துப்பாக்கிகளை மேஜைமேல் வைத்தாள். மூன்றிலும் தாழ்ப்பாளின் கைப்பிடி இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ரௌனோ பிளாஸ்டிக் கட்டை போட்ட, இருப்பதிலேயே லேசானதை எடுத்தார். எடுத்த வேகத்தில் அது தானாக வலது தோளுக்குப் போயிற்று.

"மகளே, அந்தப் பக்கம்" என்றாள் மர்யுத்.

மாற்றி வைத்தார். யாரோ ஒருவருடைய கோட்டைப் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. "இது முந்நூத்தியெட்டுதானே? வீட்டுல அந்தத் தோட்டா பெட்டி பெட்டியா கிடக்கு."

"தோட்டாவுக்காகத் துப்பாக்கி வாங்காதீங்க. இது லேசு. தூக்க சுகமா இருக்கும், சுட்டா கழுதை மாதிரி உதைக்கும். இதைப் பாருங்க." மரக்கட்டை போட்ட, கொஞ்சம் கனமான ஒன்றை முன்னால் தள்ளினாள். "ஆறரை மில்லிமீட்டர். சட்டம் கேக்கிற பலம் இதுக்கு இருக்கு, உதை பாதிதான்."

"ஆறரையா? பொம்பளைங்க துப்பாக்கின்னு எங்க ஆளுங்க சிரிப்பாங்க."

"நான் இதுலதான் பதினேழு மூஸ் சுட்டிருக்கேன். அதுல ஒண்ணுகூட சிரிக்கல." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "உங்க இடது தோள் இன்னும் உதை வாங்கிப் பழகல. பெரிய உதை ரெண்டு வாங்கிச்சுன்னா, அடுத்த தடவை விசையை இழுக்குறதுக்கு முன்னாலயே உடம்பு பதறும். குண்டு நெஞ்சுக்குப் போகாது, வயித்துக்குப் போகும்."

ரௌனோ துப்பாக்கியை மெதுவாக மேஜையில் வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

போன அக்டோபரில் அவர் சுட்ட குண்டு வயிற்றுக்குத்தான் போயிருந்தது. வேட்டைக் குழுவில் கூட இருக்கும் ஆர்வோவின் நாய் துய்ஸ்கு குரைத்துக் குரைத்து ஒரு பெரிய மூஸை எண்பது மீட்டரில் கொண்டுவந்து நிறுத்தியது. துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் குறிக்கோடு வளைந்து தெரிந்தது. தெரிந்தும் சுட்டார். மறுநாள் மதியம் சதுப்புக்குள் அதைக் கண்டுபிடித்தபோது உயிர் இருந்தது. ஆர்வோதான் முடித்துவைத்தார். அன்று வேட்டைக் குடிலில் குழுத் தலைவர் கவ்கோ என்ன ஆச்சு என்று கேட்டபோது ரௌனோ, "நாய் ரொம்ப நெருக்கிடுச்சு, மூஸ் நிக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷமாகக் குழுவிலேயே நல்ல குறிக்காரர் என்று பேர் வாங்கியவர். யாரும் சந்தேகப்படவில்லை. மீதிப் பருவம் முழுக்கத் துய்ஸ்கு வீட்டில் கட்டிக் கிடந்தது. அதன் குட்டி வேண்டும் என்று சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் பின்வாங்கிக்கொண்டார்கள்.

வெறுங்கையோடு வீடு திரும்பியவரை மனைவி ஹில்க்கா பார்த்தாள். "கிடைக்கலையா?"

"கிடைச்சுது. அதைத் தூக்கிக்கிட்டுப் போய் நின்னா, கண்ணு எப்ப இருந்து இப்படின்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. ஆர்வோ பொண்டாட்டி இப்பல்லாம் கடையில என்னைப் பாத்தா வேற வரிசையில போய் நிக்கிறா. நான் ஒண்ணும் தெரியாதவ மாதிரி நடிச்சுக்கிட்டிருக்கேன். ஒண்ணு வேட்டையை விடு, இல்ல, சொல்லித் தொலை. ரெண்டும் இல்லாம என் சமையல்கட்டுல உம்முனு உக்காந்திருக்காதே."

அடுத்த வாரம் ரௌனோ மறுபடி கயானிக்குப் போய், பழைய துப்பாக்கியை மாற்றாகக் கொடுத்துவிட்டு அந்த ஆறரையை வாங்கிவந்தார். தினமும் சாயங்காலம் தோட்டா இல்லாமல் இருநூறு தடவை தாழ்ப்பாளை இழுத்து மூடிப் பழகினார். முதல் பத்து நாள் வலது கை தானாக எழுந்து, இல்லாத கைப்பிடியைத் தேடியது.

மூஸ் வேட்டைக்கு வேண்டிய அவருடைய சுடும் சான்று அந்த வருஷம் காலாவதியாகியிருந்தது. ஆகஸ்டில் மைதானத்தில் தேர்வு. எழுபத்தைந்து மீட்டர், நான்கு குண்டு, நான்கும் வட்டத்துக்குள் விழவேண்டும். ரௌனோவுக்கு மூன்று உள்ளே, ஒன்று வெளியே.

கவ்கோ பின்னால் வந்து நின்றார். "என்னப்பா, மொகம் பாக்குற கண்ணாடிக்குள்ளேருந்து எறங்கி வந்தவன் மாதிரி இடம் வலம் மாத்திச் சுடுற?" நாலைந்து பேர் சிரித்தார்கள். ஆர்வோ அப்போதுதான் இலக்குப் பலகையைத் தோளில் சாய்த்துத் தூக்கிவந்து, ஓட்டைகளுக்குத் தாள் ஒட்ட ஆரம்பித்திருந்தார்.

ரௌனோ துப்பாக்கியைத் திறந்து காலியாக்கி வைத்துவிட்டு எழுந்தார். "வலது கண்ணு கெட்டுப்போச்சு. போன அக்டோபர்லயே எனக்குத் தெரியும். அந்த மூஸ் நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நாய் மேல ஒரு தப்பும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

ஆர்வோ தாளை ஒட்டி, விரலால் நீவிவிட்டு, அடுத்த ஓட்டைக்குப் போனார். நான்கையும் ஒட்டிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"இங்க அஞ்சு பேருகிட்ட சொல்றது சுலபம். வாட்ஸாப் குழுவுல எழுது. குட்டி வேணாம்னவங்க அதுலதான் இருக்காங்க."

"இப்பவா?"

"வேற எப்ப?"

ரௌனோ பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியை எடுத்தார். எழுதி முடித்து நீட்டினார். ஆர்வோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இந்த 'ஒருவேளை'யை எடு."

ரௌனோ அதை எடுத்துவிட்டு அனுப்பினார். சுற்றி நின்றவர்களின் பைகளில் ஒவ்வொன்றாகக் கைபேசிகள் ஒலித்தன. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அன்று இரண்டாவது முறையும் தோற்றார். அடுத்த வாரம்தான் நான்கும் உள்ளே விழுந்தன.

அக்டோபரில் கவ்கோ அவருக்குச் சரளை ரோட்டோரத்தில் காத்திருந்து சுடும் இடத்தைக் கொடுத்தார். மூஸ் அநேகமாக வராத இடம். ரௌனோ மறுத்துப் பேசவில்லை. மூன்று வாரம் மழையில் உட்கார்ந்து தெர்மாஸ் காப்பியைக் காலி பண்ணிவிட்டு வந்தார். நான்காவது சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல், துய்ஸ்குவின் குரைப்பு ரோட்டுப் பக்கமாகத் திரும்பியது. பிர்ச் மரங்களுக்கு இடையில் ஒரு மூஸ் கன்று வெளிப்பட்டு, பக்கவாட்டில் நின்றது. குறிக்கோடு நேராகத் தெரிந்தது. ஒரு குண்டு. கன்று இருபது மீட்டர் ஓடி விழுந்தது.

நாயின் பின்னாலேயே ஆர்வோ வந்தார். குனிந்து விலாவை விரலால் தடவி, குண்டு போன இடத்தைப் பார்த்தார். நாய்க்குக் கழுத்துப் பட்டையை மாட்டிவிட்டு, தோள்பையிலிருந்து கயிற்றை எடுத்து ஒரு முனையை ரௌனோவிடம் எறிந்தார்.

"தலைப் பக்கம் கட்டு. வெளிச்சம் இருக்கும்போதே ரோட்டுக்கு இழுத்துடலாம்."

இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டு போனார்கள்.