கேட்டேன் என்று சொன்னவள்

காதுக்காரர் என்ற பெயர் அவருக்குத் தொழிலால் வந்தது. மருந்துக்கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவில் அவருடைய கடை. காது மந்தமானவர்களை உட்காரவைத்துச் சோதிப்பார், அளவெடுப்பார், கருவி பொருத்தி அனுப்புவார். ஆனால் அவரோடு பழகியவர்களை விசாரித்தால், பேர் வைத்தவர் தவறாக வைத்துவிட்டார் என்பார்கள். மனிதருக்குக் காதைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம், அதிலும் கேள்வி கேட்கிற வாய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் தேநீரைத் தேடிப் போவார்கள், இவர் போதகரைத் தேடிப் போவார். நோவாவின் பேழைக்குள் கரையான் ஜோடியை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று ஒருமுறை கேட்டு, போதகரின் தேநீரை ஆறவைத்த புண்ணியவான்.

அப்பேர்ப்பட்டவர் மூன்று வாரமாக ஒரே ஒரு கேள்வியை மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். தன் மனைவிக்குக் காது கேட்கிறதா, இல்லையா?

நடந்தது இதுதான். வெளியூரிலிருந்து, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்கிற ஓர் ஊழியக்காரர் வந்து, வாடகை மண்டபத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். ஏற்பாடெல்லாம் மனைவியின் தம்பி. மின்சார வேலை பார்ப்பவன், ஒலிபெருக்கி கட்டியவனும் அவனே. அக்காவைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போனான். ஊழியக்காரர் அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றி ஒரு கூடையில் போட்டார். காதுகளில் கை வைத்து ஜெபித்தார். அவள் முதுகுக்குப் பின்னால் போய் ஏதோ ஒரு வார்த்தையை மெதுவாகச் சொன்னார். பிறகு முன்னால் வந்து குனிந்து, "கேட்டீங்களா?" என்றார்.

"கேட்டேன்" என்றாள் அவள்.

மண்டபம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. தம்பி தரையில் மண்டியிட்டு அழுதான். கடைசி வரிசையில் நின்றிருந்த காதுக்காரர் கூடையைப் பார்த்தார். இரண்டு கைத்தடி, ஒரு கழுத்துப்பட்டை, அவற்றின்மேல் அவர் தம் கையால் பொருத்திக் கொடுத்த கருவி. அவருக்கு அழுகை வந்தது, சந்தேகமும் வந்தது. எது முதலில் வந்தது என்று பிற்பாடு அவராலேயே சொல்ல முடியவில்லை.

அன்றிலிருந்து அவள் காதில் கருவி இல்லை. வேலை செய்யும் இடத்திலும் குட்டு உடைய வழியில்லை. நூலகத்தின் பின்னறையில் கிழிந்த புத்தகங்களை ஒட்டித் தைக்கிற வேலை. பேசக்கூடாது என்று பலகை மாட்டிய இடத்தில் யாருக்குக் காது கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன?

ஆகவே காதுக்காரர் வீட்டில் நூல்விட்டுப் பார்த்தார். அவள் பாத்திரம் கழுவும்போது பின்னால் கரண்டியைத் தவறவிட்டார். அவள் திரும்பவில்லை. உடனே முன்னால் ஓடிவந்து முகத்தைப் பார்த்தார், அவள் சிரித்தாள். இன்னொரு நாள் அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது ஆறடி தள்ளி நின்று, "உன் தம்பி ஒரு மடையன்" என்று முணுமுணுத்தார். அவள் சீப்பு நிற்கவில்லை. சரி, கேட்கவில்லை என்று முடிவுகட்டி, சும்மா ஒரு பேச்சுக்கு, "ஆனா நீ இன்னைக்கும் அழகாத்தான் இருக்கே" என்றார். சீப்பு நின்றது. காது மடல்வரை சிவந்துபோனாள். காதுக்காரர் குழம்பிப்போய்க் கடைக்குப் போகும் வழியில் தெரு மாறிவிட்டார்.

ஆள் மாறியதை அவரே கவனிக்கவில்லை. முன்பெல்லாம் நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் எதிரில் நின்று, நிறுத்தி நிதானமாக, சலிக்காமல் பேசிவிட்டு வருவார். வீட்டுக்குள் கால் வைத்ததும் வாய் கடையடைத்துவிடும். பேசினாலும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, குளியலறைக்குள்ளிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு. அவள் "என்ன?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பார். இப்போது அவள் எங்கே போனாலும் பின்னாலேயே போய் எதையாவது சொல்வதும், சொன்னதும் சுற்றிவந்து அவள் முகத்தை ஆராய்வதுமாக இருந்தார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்தார். மைத்துனனும் வந்தான். சுகமளிப்பதைப் பற்றிப் பேச்சு திரும்பியதும் மேசை சூடாகிவிட்டது. ஆண்டவர் எல்லா நோயையும், எப்போதும், கேட்ட எல்லாருக்கும் குணமாக்குகிறார் என்பது மைத்துனன் கட்சி. குணமாகவில்லையென்றால் கோளாறு நம் விசுவாசத்தில். போதகர் அவ்வளவு தூரம் போகவில்லை. குணமாக்குகிறார், தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். எல்லாரையுமா என்றால், அடக்க ஆராதனைகளை நடத்துகிறவனிடம் அதைக் கேட்காதே என்றார். வேதத்தில் அப்போஸ்தலர் ஒருவர் தம் உடம்பிலிருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று தடவை கெஞ்சினாரே, எடுக்கப்படவில்லையே என்றார். அந்த முள் நோயே இல்லை, விரோதிகள் என்றான் மைத்துனன். இருக்கலாம், கெஞ்சியது மட்டும் நிச்சயம் என்றார் போதகர்.

மைத்துனன் மூக்கிலிருந்து கண்ணாடி வழுக்க, அதை மேலே தள்ளிக்கொண்டான். காதுக்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது.

"மாப்ள, உங்க கண்ணாடிய ஏன் அந்தக் கூடைல போடல?"

போதகர் சட்டென்று தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மைத்துனன் சிரிக்கவில்லை.

"அத்தான், எனக்கு ஏழு வயசு, அக்காவுக்குப் பன்னெண்டு. ஒரே வாரம், ஒரே காய்ச்சல். டாக்டர் என்னைத்தான் கைவிட்டாரு. ஜெபம் பண்ணாங்க, நான் எழுந்து உக்காந்தேன். இப்போ நான் வேற எப்படி நம்பறது?"

அதே காய்ச்சல்தான் அக்காவின் காதைக் கொண்டுபோனது என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அவள் ஒவ்வொரு வாயாக மாறிமாறிப் பார்த்தபடி இருந்தாள், பந்து விளையாட்டைப் பார்க்கிறவள்போல.

கிளம்பும்போது மைத்துனன் வெடியைக் கொளுத்திப்போட்டான். வரும் ஞாயிறு சபையில், தான் குணமானதைப் பற்றி அக்கா சாட்சி சொல்லப்போகிறாள். அத்தானிடம் அவள் காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து மூன்று வருஷத்துக்கு முன் எடுத்த வரைபடம் இருக்கிறது. சனிக்கிழமை புதிதாக ஒன்று எடுத்துத் தந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திரையில் காட்டலாம். கூட்டம் முடிந்த மறுநாளே காதுக்காரர் சோதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, ஆண்டவரைச் சோதிக்கக்கூடாது என்று பாய்ந்தவனும் இவன்தான்.

"இது சோதனை இல்ல அத்தான், சாட்சி."

காதுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கேட்காமலே ஆட்டினாளா, கேட்டு ஆட்டினாளா என்பது அந்த நேரத்திலும் அவருக்குத் தெரியவில்லை. அதன் பிறகு சனிக்கிழமைவரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. வரைபடம் மோசமாக வந்தால் சபை முன்னால் அவமானம் அவளுக்கு, இடி தம்பிக்கு. நன்றாக வந்தாலோ, அதைவிட வேறென்ன வேண்டும்? தன் கடையையே இழுத்து மூடிவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். அவருக்கு அந்த ஆசை இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கடையைப் பாதி சாத்தினார். உள்ளே, அலமாரி அளவுக்கு ஒரு சத்தம் புகாத அறை, அதில் ஒரு கண்ணாடிச் சன்னல். அவளை உட்காரவைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டு, பொத்தானைக் கையில் கொடுத்தார். எவ்வளவு மெல்லிய சத்தமாக இருந்தாலும் கேட்டதும் அழுத்த வேண்டும், வெளியே பெட்டியில் விளக்கு எரியும், அவ்வளவுதான். வெளியே வந்து பெட்டி முன் உட்கார்ந்து முதல் சத்தத்தை அனுப்பினார்.

விளக்கு எரிந்தது. அவள் அழுத்திவிட்டாள்.

இன்னும் குறைத்தார். எரிந்தது. இன்னும் குறைத்தார். எரிந்தது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகூட யோசிக்கும் அளவுக்குச் சத்தம் இறங்கியும் விளக்கு தவறவில்லை. இருபது வருஷத் தொழிலில் வரைபடத்தில் இப்படி ஒரு கோடு விழுந்து காதுக்காரர் பார்த்ததில்லை. ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொன்னார், மைத்துனனை மடையன் என்றதற்கு மனத்துக்குள் மன்னிப்பும் கேட்டார். சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர், கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கண்கள் தன் வலது தோளையே பார்ப்பதைக் கண்டார்.

வருகிறவர்களை எப்போதும் சன்னலுக்கு முதுகு காட்டித்தான் உட்காரவைப்பார். இயக்குகிறவர் கை அசைவது தெரியக்கூடாது என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இன்று நாற்காலியைத் தன்னைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார். தெரியாமல் செய்தாரா, மனம் தெரிந்தே செய்ய வைத்ததா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

சத்தம் எதையும் அனுப்பாமல் தோளை மட்டும் லேசாக அசைத்தார். விளக்கு எரிந்தது.

அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் உள்ளே போவதற்குள் காதில் மாட்டியதைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். அவர் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"அப்போ அன்னைக்கு மேடைல ஏன் கேட்டேன்னு சொன்னே?"

"கேட்டேன். அதனால சொன்னேன்."

அவர் விழித்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள். ஜெபத்துக்கு முன்னால் ஊழியக்காரர், உங்களுக்கு என்ன வேண்டுமோ ஆண்டவரிடம் கேளுங்கள் என்றார். அவர் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். கண்ணை மூடிக் கேட்டாள். கண்ணைத் திறந்தால் எதிரில் வந்து, கேட்டீங்களா என்கிறார். கேட்டேன் என்றாள். மண்டபமே எழுந்து நின்ற பிறகுதான், அவர் கேட்டது வேறு கேள்வி என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் தம்பி தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தான்.

காதுக்காரருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும்தான் அவருக்குத் தோன்றியது, ஊரையெல்லாம் கேள்வியால் துளைத்தவர் இதை மட்டும் கேட்கவில்லை என்று.

"சரி, என்ன கேட்டே?"

அவள் பொத்தானைக் கையில் உருட்டினாள்.

"நீங்க என்கிட்ட பேசணும்னு கேட்டேன். எதிர்ல வந்து, என் மூஞ்சியப் பார்த்து. ஒண்ணுமில்லன்னு சொல்லாம."

அவள் பொத்தானைக் கீழே வைத்தாள்.

"மறுநாள் காலைலேர்ந்து கிடைச்சுது. வீட்ல எந்தக் கண்ணாடில உங்க வாய் தெரியும்னு எனக்குத் தெரியும். தம்பிய மடையன்னு சொன்னதையும் பார்த்தேன், அப்புறம் சொன்னீங்களே, அதையும் பார்த்தேன். பதினாலு வருஷத்துல அத நீங்க சொன்னதில்ல. காது கேக்கலன்னு சொல்லிட்டா எல்லாம் நின்னுடுமோன்னு பயமா இருந்துச்சு. அதான் தம்பிக்கும் தலையாட்டினேன், இங்கேயும் அழுத்தினேன்."

காதுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. கடைக்கு வரும் அந்நியர்களுக்குக் கொடுத்ததை வீட்டில் இருப்பவளுக்குக் கொடுக்காமல் போனோமே என்று நெஞ்சு வலித்தது. இயந்திரம் பழுது என்று தம்பியிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொல்லி முடித்துவிடுவதாகச் சொன்னார். பொய் வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள் அவள். அலமாரியிலிருந்து வேறொரு கருவியை எடுத்து அவள் அளவுக்குத் திருத்தி, அவரே காதில் வைத்தார். அவள் தலையைச் சாய்த்துக் கவனித்தாள்.

"பக்கத்துக் கடைல சாவி வெட்டறாங்க" என்றாள்.

மறுநாள் சபையில் அவள் தலைமுடியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். காதிலிருந்த கருவி கடைசி வரிசைக்கும் தெரிந்தது. தம்பி ஒலிவாங்கியை நீட்டிய கையோடு அதைப் பார்த்தான். அவள் அவனிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஆண்டவர்கிட்ட ரெண்டு தடவ கேட்டிருக்கேன். முதல் தடவ எனக்குப் பன்னெண்டு வயசு. காய்ச்சல்ல படுத்துட்டு, என் தம்பி பொழைக்கணும்னு கேட்டேன். இதோ நிக்கறான். ரெண்டாவது தடவ அன்னைக்கு மண்டபத்துல. அது என்னன்னு சொல்ல மாட்டேன், ஆனா கிடைச்சுது. என் காதுக்காக நான் கேக்கவே இல்ல. நீங்க எல்லாரும் தப்பா புரிஞ்சுக்கிட்டீங்க, நானும் மூணு வாரம் திருத்தாம இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க."

தம்பி ஒலிவாங்கி இல்லாமலே கேட்டான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"எனக்குக் கொடுத்தாரே, உனக்கு ஏன் கொடுக்கலக்கா?"

புதன்கிழமை அவன் வாதாடியதெல்லாம் இந்தக் கேள்விக்குப் பயந்துதான் என்று காதுக்காரருக்கு அப்போது விளங்கியது. போதகரைத் திரும்பிப் பார்த்தார். போதகர் தெரியவில்லை என்று தலையசைத்தார், மறைக்கவும் முயலவில்லை. அவள் தம்பியின் கன்னத்தைத் தொட்டாள்.

"தெரியலடா. நீ சொல்றேன்னு இனிமே வேணா கேக்கறேன். கிடைக்கற வரைக்கும் இது இருக்கட்டும்" என்று கருவியைக் காட்டினாள்.

முதலில் சிரித்தது போதகர். பிறகு சபை. தம்பி சிரித்தானா அழுதானா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் சேர்த்து மூக்கைச் சிந்தினான். கருவியைக் கூடையிலிருந்து எடுத்துத் தன் அலமாரியில் பத்திரமாக வைத்திருப்பதாகவும், சாயங்காலமே கொண்டுவந்து தருவதாகவும் அத்தானிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கருவியைக் கழற்றிவைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. கொடியில் துணி கிடந்தது. காதுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே, வாசலைப் பார்த்தபடி எதையோ கேட்டார். துண்டோடு வந்தவள் அவர் முதுகைப் பார்த்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமி..."

நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். கூடத்தைக் கடந்து வந்து, அவளுக்கு எதிரே நின்று, முகத்தைப் பார்த்தார்.

"குடை எங்க இருக்குன்னு கேட்டேன்."