இருளாண்டிக்கு வைத்திருந்த ஊசி

காளீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் முதியோர் இல்லத்து மேனேஜர் ஜெயச்சந்திரன் அறைக் கதவைச் சாத்திவிட்டார். வெளியே ஹாலில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அழுதுறாதீக தாயி. கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க."

கட்டிலில் அவளுடைய அய்யா இருளாண்டி கழுத்துவரை போர்வை போர்த்திக் கிடந்தார். வேட்டிக் கிழிசலால் தாடையைக் கட்டியிருந்தார்கள். தாயில்பட்டியில் பட்டாசுத் திரி உருட்டிக்கொண்டிருந்தவளைக் கம்பெனி போனில் கூப்பிட்டு, "அய்யாவுக்கு முடியல, உடனே வாங்க" என்று மட்டும்தான் சொன்னார்கள். முடியல என்றால் என்னவென்று பஸ் ஏறும்போதே அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அவருக்குப் பிடிக்குமே என்று வழியில் ஒரு சேவுப் பொட்டலம் வாங்கினாள். பாழாய்ப்போன மனசு அப்படித்தான். இப்போது அந்தப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"எப்ப சார்?"

"வெள்ளனத்துல காப்பி கொண்டுபோன ஆயாதான் பாத்துச்சு. தூக்கத்துலயே போயிட்டாக. டாக்டர் வந்து பாத்துட்டு, நெஞ்சு நின்னுருச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு. உங்க தம்பிக்கும் சொல்லியாச்சு. திருப்பூர்ல இருந்து கெளம்பிட்டாராம்."

"மூக்குக்குப் பஞ்சுகூட வைக்கலியே."

"இருக்கிற பஞ்சு பூரா நர்ஸம்மா மேசைல இருக்கு. இப்பப் போயி எடுத்தா கண்டுபிடிச்சிருவாக தாயி."

"கண்டுபிடிச்சா என்ன சார்? செத்தது எங்கய்யா. நான் அழுவக் கூடாதா?"

அவர்கள் ஊர்ப் பக்கத்தில், சாவு வீட்டுக்கு மகள் வருகிறாள் என்றால் அவள் அழுகை அவளுக்கு முன்னால் வர வேண்டும். தெருமுனையில் கேட்கிற அந்தச் சத்தத்துக்காகத்தான் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். வாயை மூடிக்கொண்டு வந்த மகளை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

ஜெயச்சந்திரன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனிதர் முகம் சவரம் கண்டு நாளாகியிருந்தது. பன்றிக் காய்ச்சல் என்று டிவியில் முகமூடியாகக் காட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அதற்குரிய ஊசி கிடைக்காவிட்டாலும் சாதாரணச் சளிக்காய்ச்சலுக்கு உள்ள ஊசியையாவது பெரியவர்களுக்குப் போட்டுவிடலாம் என்று ஒரு பட்டாசு முதலாளி வாங்கிக்கொடுக்க முன்வந்தார். ஆமத்தூர் ரோட்டில் இருக்கும் அந்த முதியோர் இல்லத்தைத் தயார்செய்ய மேனேஜர் நாயாய் அலைந்தார். ஊசி மருந்து கெடாமல் வைக்க ஐஸ் பெட்டிக்குச் சொல்லிவைத்தார். ஒவ்வொருவரின் பிள்ளைகளுக்கும் போன் போட்டுச் சம்மதம் கேட்டார். எல்லாம் தயார், கையை நீட்டத்தான் ஆளில்லை. பாரமாய்க் கிடக்கிற கிழடுகளைக் கழித்துக்கட்டத்தான் இந்த ஊசி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பெற்ற பிள்ளைகளே கொண்டுவந்து விட்டுப்போன இடத்தில் அப்படியொரு பேச்சு பரவக் கேட்கவா வேண்டும்.

அதை முடித்துவைத்தவர் இருளாண்டி. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கியவர். வெயில் ஏறுவதற்கு முன்னால் கலவை ரூமுக்குள் ஒற்றை ஆளாகப் போவார். வேலையை முடித்து வெளியே வந்து, தலையை ஒருதரம் ஆட்டுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அந்தப் பக்கம் அடியெடுத்து வைப்பார்கள். இல்லத்தில் பாதிப்பேர் அந்த மாதிரிக் கம்பெனிகளில் கிடந்து தேய்ந்தவர்கள்தான். "மொதல்ல நான் போறேன்லே. நான் தலைய ஆட்டுன பெறகு நீங்க வாங்க" என்று அவர் சொன்னதும் பேச்சு அடங்கிவிட்டது.

"இப்ப அவரு வரட்டும்னு உக்காந்திருக்காக" என்றார் ஜெயச்சந்திரன். "செத்துட்டாருன்னு தெரிஞ்சா ஒருத்தரும் கை நீட்ட மாட்டாக. ஊசியே போடாத மனுசன, ஊசி போட்டுத்தான் செத்தாருன்னு பேசுவாக. நர்ஸம்மா இன்னைக்கு விட்டா வர மாட்டாக. போன மழைக்கு நெஞ்சுச்சளியில எம்புட்டுப் பேரத் தூக்கினோம்னு உங்களுக்கே தெரியும். எல்லாரும் போட்டு முடிக்கட்டும், நானே என் வாயால சொல்லிருதேன்."

அவளுக்குத் தெரியும். போன தடவை வந்தபோது அய்யாவும் அதைத்தான் சொன்னார். "இந்த மழைக்கு இங்கன இருந்து ஒருத்தரையும் தூக்க விடமாட்டேன்." பெரிய டாக்டரு என்று அவள் கேலி செய்தாள். அவரும் சிரித்தார், சிரித்த வேகத்தில் இருமினார்.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. செத்த பிறகும் இந்த மனுசனுக்கு டூட்டி முடியவில்லை.

கம்பெனியில் பக்கத்து ரூமில் வெடிச்சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடக் கூடாது. மெதுவாக வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். காளீஸ்வரி சேவுப் பொட்டலத்தை அய்யாவின் தலைமாட்டில் மெதுவாக வைத்தாள்.

"அவருக்குள்ள ஊசிய எனக்குப் போடச் சொல்லுங்க சார். நான் மொதல்ல போறேன்."

ஹாலில் சுவரோரமாக எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இருந்த சுப்புலட்சுமி இவளைப் பார்த்ததும் கையை ஆட்டினாள்.

"ஏத்தா காளீசு, எங்க ஒங்கய்யா? பவுசாப் பேசிட்டுப் படுத்துக்கிட்டாரா?"

"அசந்து தூங்குறாக பெரியாத்தா. என்னையப் போட்டுக்கிடச் சொன்னாக."

"பயந்துட்டான்யா" என்றார் கண்ணுச்சாமி. அவரும் ஒரு காலத்தில் இருளாண்டியோடு வேலை பார்த்தவர். "கலவை ரூமுக்குப் போன பய ஊசிக்குப் பயந்து மகள அனுப்பிட்டான்."

ஹாலே சிரித்தது. அவள் அய்யாவைப் பற்றி அப்படி ஒருத்தரும் சொன்னதில்லை. உள்ளே கிடக்கிறவருக்குக் கேட்டுவிடுமோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, "ஆமா சித்தப்பா, பயந்துட்டாக" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நர்ஸ் அவளுடைய ரவிக்கைக் கையை மேலே தள்ளித் துடைத்தாள். கம்பெனியின் அலுமினியப் பவுடர் ஒட்டியிருந்த கை அது. பஞ்சு சாம்பல் நிறமாகிவிட்டது. இன்னொரு பஞ்சை எடுத்துத் துடைத்தாள். ஊசி இறங்கியது.

வலி ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்தச் சின்னக் குத்தலுக்காகவே காத்திருந்ததுபோல் அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள். தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"இம்புட்டுக்காண்டு ஊசிக்கா இந்த அழுகை?" என்றாள் சுப்புலட்சுமி. குரலில் கேலி கொஞ்சம்தான் இருந்தது. "வெடிக்குள்ள ஒக்காந்து வேலை பாக்குறவ. அழாத தாயி. செத்த நேரத்துல சரியாப் போகும்."

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாருடைய கண்ணும் அவள்மேல் இருந்தது. கண்ணுச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொள்வதை அவள் பார்த்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர்கள் பக்கம் திரும்பி, அய்யா செய்வதுபோல, தலையை ஒருதரம் ஆட்டினாள்.

முதலில் எழுந்தது சுப்புலட்சுமி. அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது, பிறகு இன்னொன்று. கண்ணுச்சாமி முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பித்தானைக் கழற்றினார். வாசலில் நின்ற ஜெயச்சந்திரன் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

காளீஸ்வரி மேசையருகிலேயே நின்றாள்.

"கொஞ்சம் பஞ்சு குடுங்கம்மா."

"ரத்தம் நின்னுருச்சே" என்றபடி நிமிர்ந்த நர்ஸ், அவள் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கிடந்த அறைக் கதவைப் பார்த்தாள். பிறகு ஒரு பிடி பிய்த்துக் கொடுத்தாள்.

அறைக்குள் வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டாள். கட்டிலோரமாக உட்கார்ந்து பஞ்சை இரண்டாகப் பிய்த்து உருட்டினாள். திரி உருட்டிப் பழகிய கை. இரண்டு உருண்டையும் ஒரே அளவாக வந்தன.