தவளை இருக்கும் இடம்

சலமான்கா பல்கலைக்கழகத்தின் பழைய வாசலுக்கு எதிரே சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு முப்பது பேராவது அண்ணாந்து நின்றிருந்தார்கள். முகப்பு முழுக்கக் கல்லில் செதுக்கிய அரசர்கள், பறவைகள், பூக்கொடிகள். அதெல்லாம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் தேடியது ஒரு சின்னத் தவளையை. யாரும் காட்டிக்கொடுக்காமல் அதைத் தானே கண்டுபிடிப்பவர் பரீட்சையில் தேறிவிடுவார் என்று ஒரு பேச்சு. எமெத்தேரியோவுக்குப் பரீட்சை செவ்வாய்க்கிழமை. அவன் மனைவி அசுன் அதை மனதில் வைத்துத்தான் இந்த இரண்டு நாள் பயணத்தைக் கிளப்பினாள். அவனிடம் சொன்ன காரணம், ரொம்ப நாளாக எங்கேயும் போகவில்லை என்பது.

எழுதுகிற பரீட்சை அல்ல. பேருந்து ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், அறுபத்திரண்டு வயதுக்காரனின் கண்ணைச் சோதித்துப் பார்ப்பார்கள். மலைக் கிராமங்களிலிருந்து கலாஓராவில் இருக்கும் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவருவது இருபத்தெட்டு வருடமாக அவன் வேலை. இந்த வருடம் முப்பத்தொரு பேர். அதே பள்ளியின் சமையலறையில் அசுன் அந்த முப்பத்தொரு பேருக்கும் மதியச் சாப்பாடு பரிமாறுகிறாள். எந்தப் பிள்ளை கேரட்டைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

போன மாதம் துவைக்கப் போடுமுன் அவனுடைய மேல்சட்டைப் பையைத் துழாவியபோது ஒரு தாள் கிடைத்தது. அவன் கையெழுத்துதான். ஐந்து வரிகள், ஒரு வரியும் வார்த்தையாகச் சேரவில்லை. வெறும் எழுத்துகள். இரண்டு முறை படித்த பிறகுதான் பிடிபட்டது, மருத்துவமனைச் சுவரில் தொங்கும் கண் சோதனை அட்டையை ஆள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான் என்று. தாளை இருந்த இடத்திலேயே வைத்தாள். சண்டைக்கு அஞ்சுகிறவள் அல்ல அவள். ஆனாலும் இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவிடாதவனிடம் உனக்குக் கண் தெரியவில்லையா என்று கேட்க வாய் வரவில்லை. போதாக்குறைக்கு, குளிர்காலத்திலிருந்தே அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்துப் பேசினான். வேறு யாராவது ஒருத்தி இருக்கிறாளோ என்றுகூட ஒரு வாரம் மனதுக்குள் புழுங்கினாள்.

"வலப்பக்கத் தூணு. அதுல மூணு மண்டையோடு இருக்கும் பாரு. இடது ஓரத்து மண்டை மேல உட்காந்திருக்கு," என்றான் எமெத்தேரியோ, கையை நீட்டி. வந்து நின்று அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பக்கத்தில் தேடிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி தலையில் கைவைத்தாள். "என்ன சார், எங்க பரீட்சைக்கும் சேத்து உலை வச்சிட்டீங்களே!"

"போய்ப் படிம்மா. தவளையா வந்து எழுதப் போவுது?"

கூட்டம் சிரித்தது. அவன் காட்டிய இடத்தில் அசுன் தேடினாள். தூண், மண்டையோடு, அதன் மேல் தவளை. சொல்லியும் அவளுக்கே இரண்டு நிமிடம் பிடித்தது. நெஞ்சில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. நடுத்தெருவில் அவன் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.

"என்ன திடீர்னு?"

"சும்மாதான்."

பெரிய சதுக்கத்தில் வெயிலில் உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பை வெர்முத் மது குடித்தார்கள். முட்டையும் பன்றி இறைச்சியும் அடைத்துச் சுட்ட ஓர்னாசோ ரொட்டியை அசுன் இரண்டு துண்டு சாப்பிட்டாள். தாளை அவன் பயத்தில் எழுதியிருப்பான், வயதானால் யாருக்கும் வருகிற பயம்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"அந்தத் தவளையை அன்னிக்கு நீதான் காட்டிக்கொடுத்த, ஞாபகம் இருக்கா?" என்றான் அவன், வாயில் ரொட்டியோடு. "கல்யாணம் ஆன கையோட வந்தோமே, எண்பத்தாறுல. தேடித் தேடி எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு. நீ சொன்ன அந்த மண்டையோடு இன்னும் மனசுல அப்படியே இருக்கு."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அசுன் கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தாள். தவளையும் மனப்பாடம்தான்.

"எந்திரி," என்றாள். "கோயிலுக்குப் போவோம்."

புதிய பேராலயத்தின் பக்கவாட்டு வாசலைத் தொண்ணூற்றிரண்டில் செப்பனிட்டபோது, கல்தச்சர்கள் பூக்கொடிகளுக்கு நடுவே விளையாட்டாக ஒரு விண்வெளி வீரனைச் செதுக்கிவைத்தார்கள். அசுனும் அவனும் தேனிலவுக்கு வந்தபோது அது கிடையாது. ஒளிந்திருக்கிற உருவமும் அல்ல, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, கண்ணெதிரில் இருக்கிறது. வாசலில் தெற்குச் சீமையிலிருந்து வந்த ஒரு சுற்றுலாக் கூட்டம் நின்றது. அதில் விசிறியோடு நின்ற ஒரு பெண், "ஐயோ, ஐஸ்கிரீம் நக்குறான் பாருங்கடி!" என்று கத்தினாள்.

"விண்வெளி வீரன் தெரியுதா?" என்று கேட்டாள் அசுன்.

"தெரியாம என்ன? கையில ஐஸ்கிரீமோட," என்றான் எமெத்தேரியோ.

விண்வெளி வீரன் இரண்டு கையாலும் பூக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஐஸ்கிரீம் இருந்தது, தள்ளி இன்னொரு இடத்தில், பல்லிளிக்கிற குட்டிச்சாத்தான் ஒன்றின் கையில்.

எதிரே இருந்த கல்பெஞ்சில் அவனை உட்காரவைத்தாள். "அஞ்சாவது வரி சொல்லு, எமே."

"எந்த வரி?"

"உன் சட்டைப் பையில இருக்கே, அந்தத் தாள்ல."

கூட்டம் நகர்ந்து அடுத்த வாசலுக்குப் போனது.

"ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது, அசுன். நடுவுலதான் புகை. உன்னை நேரா பாத்தா முடி இருக்கு, காது இருக்கு, மூஞ்சியக் காணோம். கொஞ்சம் தள்ளிப் பாத்தாதான் வர்ற."

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வேறு ஒருத்தியும் இல்லை. அடுத்த நொடியே அந்தச் சந்தோஷத்தை நினைத்து வெட்கமாகிவிட்டது, அதற்குப் பின்னால்தான் பயம் வந்தது.

"டாக்டர்ட்ட போனியா?"

"சரகோசாவுக்குப் போனேன், பிப்ரவரியில. போனது போனதுதானாம். மிச்சத்தைக் காப்பாத்த ஊசி போடலாம்னாங்க."

"அதுக்கப்புறமும் ஓட்டின."

"அந்த ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்."

"ரோடு தெரியும். குறுக்க ஓடிவர்ற பிள்ளை?"

அவன் கையை விரித்து முழங்காலில் வைத்துக்கொண்டான். "ஓய்வுக்கு இன்னும் மூணே வருஷம். அந்த வண்டி இல்லேன்னா காலையில எந்திரிச்சு நான் எங்க போவேன், சொல்லு."

அன்று மாலை இருவரும் ரோமானியப் பாலத்தில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்து திரும்பினார்கள். செவ்வாய்க்கிழமை என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.

ஞாயிறு மதியம் ஆற்றோரத்தில் நிறுத்தியிருந்த காருக்கு வந்தபோது அவன் பழக்கத்தில் ஓட்டுகிற பக்கம் போனான். அசுன் முன்னாலேயே அங்கே நின்று கையை நீட்டினாள்.

"நீ ஸ்டியரிங்கைத் தொட்டுப் பதினாறு வருஷமாச்சு."

"இருக்கட்டும். எனக்குக் கண்ணு தெரியுது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சாவியை எடுத்து நீட்டினான். அவன் கை அவள் உள்ளங்கைக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. அவள் கையை நகர்த்திச் சாவிக்கு அடியில் வைத்தாள்.

புறப்படும்போதே வண்டி இரண்டு முறை உதறி நின்றது. "கிளட்சைக் கொன்னுடாத," என்றான் அவன்.

"வாய மூடிட்டு வா."

ஊரைத் தாண்டியதும் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே, தலைக்கு மேலே, பெரிய பலகை ஒன்று வந்தது. அசுன் வேகத்தைக் குறைத்தாள்.

"அதுல என்ன போட்டிருக்கு?"

வல்லடோலிட் என்று அடுத்த பெரிய ஊரின் பெயரைச் சொல்வான் என எதிர்பார்த்தாள். வண்டி ஓட்டுகிற யாருக்கும் தெரிந்த வழிதான், பார்க்காமலே சொல்லலாம். அவனும் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு, தலையை ஜன்னல் பக்கம் சற்றுத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தான்.

"நீலம்," என்றான்.

"வேற?"

"நீலம் மட்டும்தான், அசுன்."

பின்னால் வந்த லாரி ஒலியெழுப்பியது. அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதே வேகத்தில் போனாள். பலகை அவர்கள் தலைக்கு மேலே கடந்து பின்னால் போயிற்று.