அண்ணனுக்கு வாங்கிய நாற்காலி

அண்ணன் வருவதாகச் சொன்ன அன்றே அவள் அந்த நாற்காலிக்குச் சொல்லிவிட்டாள். தட்டையான அட்டைப் பெட்டியில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பணக்கார வீட்டு ஹாலில் இருக்குமே, கீழே போகப்போக மெலியும் சாய்ந்த கால்களோடு, அந்த மாதிரி.

வெல்டரைக் கட்டிக்கொண்டாள் என்று இத்தனை வருடம் முகம் கொடுக்காத அண்ணன். இப்போது அவர் மகளுக்குக் கல்யாணம். அழைக்கத்தான் வருகிறார், வேறெதற்கு?

"சிம்மாசனமா? நான் உட்கார்ந்தா வரி போடுவியா?" என்று சிரித்தான் கணவன். "சாயங்காலம் வந்து பூட்டித் தரேன்."

"வேண்டாம். இது என் கையால ஆகணும்."

அவன் வேலைக்குப் போனதும் பூட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு திருகையும் அசையாதபடி இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். கடைசிக் காலுக்கு வந்தபோது துளைகள் நேராகச் சேரவில்லை. எல்லாத் திருகையும் தளர்வாக மாட்டிவிட்டு, கடைசியில்தான் இறுக்க வேண்டுமாம். கூட வந்த தாளை அப்போதுதான் பார்த்தாள். அந்தக் காலை எப்படியோ அழுத்திச் செருகி நிறுத்தியபோது வாசலில் கார் வந்து நின்றது.

"உட்காருங்கண்ணா."

"இல்லம்மா, நின்னே சொல்லிடறேன்." அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். "மாப்பிள்ளை வீட்ல ஒரு மாதிரி ஆளுங்க. உன் வீட்டுக்காரர் என்ன பண்றார்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். போன்ல சொன்னா மரியாதையா இருக்காதேன்னுதான் நேர்ல வந்தேன்."

"ரொம்ப மரியாதைண்ணா."

அவர் போய்க் காரில் ஏறிக்கொண்டார். அவரோடு வந்த டிரைவர் மட்டும் வாசலிலேயே நின்றார். பேச்செல்லாம் அவர் காதிலும் விழுந்திருக்கும்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

கொண்டுவந்து கொடுத்தாள். "உட்கார்ந்து குடிங்க" என்று பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

அவர் நாற்காலியின் கோணல் காலைப் பார்த்தார். தரையில் கிடந்த திருகுச் சாவியைப் பார்த்தார். பிறகு மெல்ல உட்கார்ந்தார். நாற்காலி ஆடவில்லை.

"சொகுசா இருக்கும்மா. நீங்களே பூட்டினதா?"

"ஆமா."

அப்போதுதான் கவனித்தாள். அவர் உடம்பின் பாரத்தை நாற்காலிக்குக் கொடுக்கவே இல்லை. தன் கால்களிலேயே தாங்கிக்கொண்டிருந்தார். பேன்ட்டுக்குள் முழங்கால்கள் நடுங்கின.

வெளியே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவர் அவசரப்படாமல், ஒவ்வொரு மடக்காகக் குடித்து முடித்தார்.

அந்த முழங்கால்கள் நோகாமல் பார்த்துக்கொள் ஆண்டவனே என்று வேண்டிக்கொண்டாள். அண்ணனுக்காக வேண்ட அன்று அவளுக்கு வாய் வரவில்லை.